நைனா, சவாசனத்தில் டிப்போ வந்ததே, அதைப் பற்றி

என் எல்லாக் குறும்புக்கும் முதல் பலியான, முழுப் பலியான என் தங்க நைனாவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் "செத்தவன்கிட்ட போய் இன்னாமே நலம்?" என்று நீயே திருப்பிக் கேட்பாய். நாங்கள் இருக்கிறோம். கள்ளிக்குப்பம் இருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி இன்னும் சரியாக மூடுவதில்லை, நீ வைத்த அதே செங்கல்தான் மேலே உட்கார்ந்திருக்கிறது.

இதை மற்றவர்களும் படிப்பார்கள், படிக்கட்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனை எட்டிப் பார்க்கிற ஜனம்தானே நாம். அவர்களுக்காக மட்டும் நாலு வரி. என் நைனா ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ் கண்டக்டர். அம்மா கஸ்தூரி, யோகா டீச்சர். நான் ப்ளஸ் டூ, ஒரே பெண். நைனா என்னைச் "சில்லறை" என்றுதான் கூப்பிடுவார். கண்டக்டருக்கு எப்போதும் சில்லறைத் தட்டுப்பாடு, வீட்டில் மட்டும் ஒரு சில்லறை ஓயாமல் குலுங்கிக்கொண்டே இருக்கிறது என்பார். நைனா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அவ்வளவுதான், எட்டிப் பார்ப்பவர்கள் இனி சத்தம் போடாமல் பாருங்கள்.

நைனா, போன மாதம் சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டி வைத்தேன். பழைய வித்தைதான். நீ இருந்தபோது என்ன நடக்கும்? ஒரு வாய் குடிப்பாய். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. "கஸ்தூரி, இன்னிக்கி டீ சூப்பர், ஒரு வாய் குடிச்சிப் பாரு" என்று டம்ளரை அப்படியே அம்மாவிடம் தள்ளுவாய். அம்மா துப்புவாள். உன்னைத் துரத்துவாள். நான் கதவுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இந்த முறை அம்மா முழு டம்ளரையும் குடித்தாள். கழுவிக் கவிழ்த்தாள்.

"டீ எப்டிம்மா?"

"ம்."

அவளுக்குத் தெரியவேயில்லை, நைனா. என் டம்ளரை நானும் குடித்தேன், ஒரு சொட்டு விடாமல். யாரும் மாட்டாத வீட்டில் குறும்பு செய்வது, ஆளில்லாத பஸ்ஸில் விசில் ஊதுவது மாதிரி இருக்கிறது.

சேதி சொல்ல வந்தேன், உப்பில் இறங்கிவிட்டேன். முகப்பேர் பானு மேடம் வந்திருந்தார்கள். அந்தப் பெரிய ஃப்ளாட்டில் விழா, கூட்டம் எல்லாம் நடத்துவார்களே, அந்தக் கோயமுத்தூர் மேடம். இங்கே வந்து பத்து வருஷம் ஆகியும் பேச்சில் "ங்க" குறையவில்லை.

"ஏனுங்க கஸ்தூரி, அரைநாள் ஒர்க்‌ஷாப் ஒண்ணு பண்ணிக் குடுங்க. நாப்பது பேர் வருவாங்க. எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தே முதுகு போன ஜனம்."

"மாடில ஆறு பேருக்கு எடுக்கறேன் மேடம். அது போதும்."

"அன்னைக்கு நடந்ததையே நெனச்சுட்டு இருக்கீங்களா? எல்லாரும் மறந்தாச்சுங்க."

"நான் மறக்கலியே மேடம்" என்றாள் அம்மா.

நான் காபியை நீட்டினேன். அதில் உப்பு இல்லை, சத்தியமாக. அன்றைக்கு என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவர் நீ.

அம்மா சர்டிஃபிகேட் வாங்கிய புதிதில் எப்படி இருந்தாள் என்று நினைவிருக்கிறதா? உடம்பு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளையும், வாய்தான் வளையாது. நாலு பேர் எதிரே உட்கார்ந்தால் குரல் தொண்டைக்குள்ளேயே பத்மாசனம் போட்டுக்கொள்ளும். கையை முதலில் தூக்கிவிடுவாள். தூக்கி முடித்த பிறகுதான் "மூச்சை உள்ள இழுங்க" என்பாள். அதற்குள் எதிரே இருப்பவர்கள் மூச்சை இழுத்து, விட்டு, கொட்டாவியும் விட்டிருப்பார்கள்.

முகப்பேரில் முதல் ஒர்க்‌ஷாப் என்று முடிவானதும் நீ கூடத்தைப் பஸ்ஸாக மாற்றினாய். தலையணை எல்லாம் பயணிகள். காலி கேஸ் சிலிண்டர் படிக்கட்டில் தொங்குகிற காலேஜ் பையன். நான் "கைக்குழந்தையோடு ஏறிய அம்மா", கையில் குழந்தையாக ஒரு சுரைக்காய்.

"கஸ்தூரி, என்னைப் பாரு. அறுவது பேரு மொறச்சிகினு கீறான். எனக்கு இன்னா, பயம் இல்லியா? மொதல்ல கடைசி சீட்டைப் பாரு. முன்னாடி குந்திகினு கீறவனுக்கு எப்டியும் கேக்கும். கடைசி சீட்டுக்காரனுக்குக் கேட்டுச்சின்னா வண்டி மொத்தத்துக்கும் கேட்டுச்சினு அர்த்தம்."

"யோவ், அது பஸ்ஸு. இது யோகா."

"ரெண்டுலயும் ஆளுங்க மூச்சைப் புடிச்சிகினுதான் நிக்கறாங்கோ. கேளு. ஸ்டாப்பு வந்தப்புறம் சொன்னா அவன் எப்டி எறங்குவான்? கூட்டத்துல பூந்து வெளிய வர டைம் வோணாமா? வர்றதுக்கு முன்னாடியே கொரல் குடு. கைய அப்பால தூக்கு."

நீ ஒரு ஆசனமும் ஒழுங்காகச் செய்ததில்லை. உட்கார்ந்தபடி குனிந்து கால்விரலைப் பிடிக்கிற பஸ்சிமோத்தானாசனத்தில் பஸ் இருக்கிறது, அதனால் அது டிப்போ சொத்து என்று உரிமை கொண்டாடினாய், ஆனால் முட்டியைத் தாண்டி உன் கை போனதே இல்லை. உனக்குத் தெரிந்த ஒரே ஆசனம் சவாசனம். வகுப்பின் கடைசியில் எல்லோரும் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, அசையாமல் கிடப்பார்களே, அது. அதிலும் நீ குறட்டை சேர்த்துக்கொள்வாய்.

அப்படிப்பட்ட நீ சொல்லித்தான் அம்மா வாயைத் திறந்தாள். பத்து நாளில் கேஸ் சிலிண்டருக்குக்கூட அவள் குரல் கேட்டிருக்கும்.

ஒரு சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டே நீ முழு ரூட்டையும் சொல்லிக்காட்டினாய். கையில் கரண்டி. அம்மா மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். நான் போனைத் தட்டுக்குப் பின்னால் சாய்த்துவைத்துப் பதிவு செய்தேன். நீ பார்த்துவிட்டாய். கண்ணடித்துவிட்டு இன்னும் சத்தமாகச் சொன்னாய். "வடபழனி ஏறு, ஏறு, உள்ள போ. விருகம்பாக்கம் எறங்கு. வளசரவாக்கம். ஏ சிவப்புச் சட்டை, படியில நிக்காத, மேல வா. போரூர் எறங்கு, போரூர். ஐயப்பன்தாங்கல். டிப்போ வந்துருச்சி, தூங்கறவன்லாம் எழுந்திரு. வண்டி இதுக்கு மேல போவாது."

முப்பத்துநாலு நொடி.

இதை எழுதுவதற்குத்தான் இத்தனை தூரம் சுற்றி வந்தேன். நேர் ரூட்டில் வர எனக்குத் தைரியம் இல்லை.

சவாசனம்தான் அம்மாவுக்கு மிகப் பெரிய பயம். மற்ற ஆசனங்களில் எல்லோருக்கும் கை கால் வேலை இருக்கும், டீச்சர் குரல் கொஞ்சம் தடுமாறினால் யாருக்கும் தெரியாது. சவாசனத்தில் முப்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு அவள் குரலை மட்டும்தான் கேட்பார்கள். ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. அதனால் அந்தப் பகுதியை மட்டும் வீட்டிலேயே, போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, பேசிப் பதிவு செய்துவைத்தாள். அதை ஸ்பீக்கரில் போடுகிற வேலை எனக்கு. என்னை நம்பி. என்னை!

அன்று எல்லாம் நன்றாகவே போனது. நீ வாசலோரம் கடைசிப் பாயில் இருந்தாய். அம்மா உன்னைப் பார்த்து, உன்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்து, கணீரென்று பேசினாள். சவாசனம் வந்தது. ஸ்பீக்கரில் அம்மாவின் குரல். "வலது கால் கட்டைவிரல். கணுக்கால். முழங்கால்." முப்பது பேர் அசையாமல் கிடந்தார்கள். ஃபேன் சத்தம் மட்டும். அந்த அமைதியைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அரித்தது, நைனா. ஒரு குளம் அசையாமல் கிடந்தால் கல் எறியத் தோன்றுமே, அது.

எறிந்துவிட்டேன். ஸ்பீக்கரில் உன் குரல், வடபழனியிலிருந்து டிப்போ வரைக்கும்.

யாரோ ஒருவர் புரையேறிச் சிரித்தார். இருவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்கள். நான் பாயில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினேன். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன்.

முடித்து வைக்கக் கும்பிடுவதற்காகச் சேர்த்த கை, அப்படியே நெஞ்சோடு இருந்தது. "அவ்ளோதாங்க" என்றாள். கீழே குனிந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். அந்தப் பாயில் இன்னும் ஆள் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் நீ எழுந்தாய். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "சாரிம்மா, சாரிங்க, நம்ம போனு. தானா கனெக்ட் ஆயிட்ச்சி போல. தப்பு என்னுது" என்றாய். குரல் உன்னுடையது. யார் சந்தேகப்படப்போகிறார்கள்?

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அம்மா ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "இத்தினி வருசமா ஊரே உன் கொரல கேக்குது. நான் ஒரே ஒரு நாளு வாயத் தொறந்தேன். அதுல வந்து டிக்கெட் கிழிக்கிற?"

"தப்புதான் கஸ்தூரி."

"எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கணும், அதான?"

நீ வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். நடுவில் நான், மடியில் ஸ்பீக்கர்.

மறுநாளிலிருந்து அம்மா மாடி வகுப்பில் ஆறு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் முன்னால் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துச் செய்வாள், அவர்கள் பின்னாலிருந்து பார்த்துச் செய்வார்கள். குரலே தேவையில்லை. வீட்டில் உனக்குத் தட்டு வரும், ஆள் வராது. நீ சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள்.

நான் உன்னிடம் வந்தேன். "நைனா, நான் சொல்லிட்றேன்."

"இப்ப சொன்னியானா வெளுத்துடுவா. கொஞ்சம் ஆறட்டும். எம்மேல கோவம் அவளுக்கு நாலு நாளைக்குத் தாங்காது. ஆனா சில்லறை, நீயாதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

நாலு நாள் நாலு மாதம் ஆனது. யூனிட் டெஸ்ட் முடியட்டும், அவள் நல்ல மூடில் இருக்கட்டும், பொங்கல் போகட்டும் என்று நான் தள்ளிக்கொண்டே போனேன். நீ ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை. ஏன் நைனா? என்னை நம்பினாயா, இல்லை நான் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்துவிட்டதா? தனியாக உட்கார்ந்து சாப்பிட்டபோது உனக்கு என் மேல் கோபமே வரவில்லையா?

அப்புறம் அந்தக் காலை. காக்கிச் சட்டை போட்டு, ஒரு காலை ஷூவில் நுழைத்து, நாற்காலியில் சாய்ந்தாய். "நடிக்காத நைனா, டூட்டிக்கு லேட்டாவுது" என்றேன். மூன்று தடவை சொன்னேன். இதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி எழுதமாட்டேன்.

நீ போன பிறகு அம்மா உன் போனுக்கு தினமும் சார்ஜ் போடுகிறாள். ஒருநாள் மத்தியானம் அதை மடியில் வைத்துக்கொண்டு மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். நீ அனுப்பியது எல்லாம் கட்டைவிரல். எதைக் கேட்டாலும் ஒரு கட்டைவிரல்.

"பேசி அனுப்புற பழக்கமே இல்ல இந்த மனுசனுக்கு. ஒரு 'இன்னாமே'கூட இல்லடி." கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கி ஹால்ல ஓடிச்சே, அதாச்சும் இருக்கும்னு தேடிப் பாத்தேன். இல்ல. நான் பேசின பேச்சுல அழிச்சிட்டாரு போல" என்றாள்.

என் பாக்கெட்டில் இருந்தாய் நீ. என் போனில் "கெமிஸ்ட்ரி நோட்ஸ்" என்ற ஃபோல்டருக்குள். அந்தப் பெயரை வைத்தால் நானே திறக்கமாட்டேன் என்ற பாதுகாப்பு. ஆனால் திறந்தேன். பள்ளி விட்டு வந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து காதோடு வைத்துக் கேட்பேன். ஒரு நாளும் முழுசாகக் கேட்டதில்லை. போரூர் வந்ததும் நிறுத்திவிடுவேன். அடுத்தது ஐயப்பன்தாங்கல், அதற்கடுத்து நீ சொல்கிற அந்தக் கடைசி வரி. அதை வரவிடமாட்டேன். பதினோரு மாதமாக உன்னைப் போரூரிலேயே நிறுத்திவைத்திருந்தேன், நைனா. சிக்னல் விழவேயில்லை என்று வைத்துக்கொள்ளேன்.

பானு மேடம் போன அன்று அம்மா முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவினாள். என்னிடம் இல்லை, கீரையிடம் பேசுகிற மாதிரி சொன்னாள். "எனக்கு வராதுடி. அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி. என் கொரல கேட்டா எல்லாருக்கும் சிரிப்பு. கட்டுன புருசனுக்கே அது வெளையாட்டாதான இருந்துச்சி."

இத்தனை நாள் நான் பயந்தது அடிக்கு. அந்த ஒரு நிமிஷத்தில்தான் விளங்கியது. நான் சும்மா இருக்க இருக்க அவள் உன்னையும் இழக்கிறாள், தன் குரலையும் இழக்கிறாள். இரண்டும் என் போனுக்குள் பூட்டிக் கிடக்கிறது.

போனை முறத்தின் ஓரத்தில் வைத்தேன். கெமிஸ்ட்ரி நோட்ஸைத் திறந்தேன். வடபழனி. விருகம்பாக்கம். அம்மாவின் கை கீரைக் காம்பிலேயே நின்றுவிட்டது. வளசரவாக்கம். சிவப்புச் சட்டை. போரூர். என் விரல் பழக்கதோஷத்தில் நிறுத்தப் போனது. நிறுத்தவில்லை. டிப்போ வந்தது. வண்டி இதற்கு மேல் போகாது என்றாய்.

"நான்தாம்மா அன்னிக்கி போட்டேன். நைனா இல்ல. ஹால்ல கேக்குற வரைக்கும் அவருக்குத் தெரியவே தெரியாது. என்னைக் காட்டிக் குடுக்கல."

"இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை முடிந்ததும் முறத்தைத் தள்ளிவைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாலு மாசம்டி" என்றாள். "நாலு மாசம் அந்த மனுசன் பக்கத்துல உக்காந்து நான் ஒரு வாய் சாப்டல."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். கீரையை நான் உருவினேன். பாதி காம்பு, பாதி கண்ணீர். ஜோக் இல்லை, அது அப்படித்தான் இருந்தது.

மூன்று நாள் பேசவில்லை. எனக்குத் தட்டு வந்தது, ஆள் வரவில்லை. நீ நாலு மாதம் இருந்த இடத்தில் மூன்றே நாள் உட்கார்ந்து பார்த்தேன். சோறு இறங்கவில்லை, நைனா. உனக்கு எப்படி இறங்கியது?

நாலாவது நாள் காலை பள்ளிச் சீருடை எடுக்க மாடிக்கு ஏறினேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அம்மா தண்ணீர்த் தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். ஆறு பேரையும் பார்த்து! பார்வை அவர்களைத் தாண்டிக் கைப்பிடிச் சுவரில் இருந்தது. முன்வரிசை தேவி அக்கா, பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"தேவி, பின்னாடி யாரும் இல்ல. நான் கடைசி சீட்டைப் பாக்கறேன்" என்றாள் அம்மா.

"மாடில ஏதுக்கா சீட்டு?"

"கீது. நீ மூச்சை உள்ள இழு."

சொல்லிவிட்டு, பிறகுதான் கையைத் தூக்கினாள்.

அன்று மத்தியானம் பானு மேடத்துக்குப் போன் செய்தாள். பிறகு என்னிடம், மூன்று நாளில் முதல் வார்த்தையாக, "நீயும் வர. பாய் தூக்க ஆள் வோணும்" என்றாள். "ஸ்பீக்கரு வோணாம்."

போன ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது. அதே ஹால். முப்பத்தேழு பேர். வாசலோரம் கடைசிப் பாயில் நான், உன் இடத்தில். போனை அணைத்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். என்னை எனக்குத் தெரியும் இல்லையா.

ஆரம்பமே சொதப்பல். அம்மாவின் குரல் கம்மியது. கையை முதலில் தூக்கிவிட்டாள், மூச்சு பின்னால் வந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "இவங்கதான், போன தடவ பஸ்ஸு" என்று கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பு என் வரைக்கும் வந்தது என்றால் அம்மா வரைக்கும் போகாதா? கை தூக்கியபடி நின்றுவிட்டாள். எனக்குத் தெரியும், அடுத்து "அவ்ளோதாங்க" வரும். குனிவாள். பாயைச் சுருட்டுவாள்.

அவள் பார்வை தேடிக்கொண்டே கடைசி வரிசைக்கு வந்தது. அங்கே நீ இல்லை. நான்தான் இருந்தேன்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீ வண்டியை எடுக்கச் சொல்ல பஸ் உடம்பில் தட்டுவாயே, பட் பட் என்று இரண்டு தட்டு. அதை மட்டும் தரையில் தட்டினேன். உள்ளங்கையால், மெதுவாக.

அம்மா கையைக் கீழே இறக்கினாள். "முதல்லேர்ந்து பண்ணலாங்க. நான் சொல்றதுல தப்பு வந்துச்சி" என்றாள். அப்படிச் சொன்னதும் குரல் சரியாகிவிட்டது, எப்படி என்று எனக்குத் தெரியாது. "மூச்சை உள்ள இழுங்க." முப்பத்தேழு நெஞ்சும் நிமிர்ந்தது. பிறகு கைகள் எழுந்தன. அதன் பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை. முதுகு போனவர்கள் எல்லாம் முதுகைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். கிசுகிசுத்த பெண் ஒரு சந்தேகம் கேட்டாள், அம்மா அவள் பாய்க்கே போய் இடுப்பைப் பிடித்துத் திருத்திவிட்டாள்.

சவாசனம் வந்தது. எல்லோரும் படுத்தோம். ஃபேன் சத்தம். பதிவு இல்லை, ஸ்பீக்கர் இல்லை, போர்வை இல்லை. அம்மா வரிசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே சொன்னாள். "வலது கால் கட்டைவிரல்." நிறுத்தினாள். "கணுக்கால்." நிறுத்தினாள். ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தில் புகுந்து வெளியே வர நேரம் கொடுத்தாள். முழங்கால், இடுப்பு, தோள், நெற்றி. உன் ரூட்டை இத்தனை அழகாக நீகூடச் சொன்னதில்லை, கோபித்துக்கொள்ளாதே.

கடைசியில் எழுப்ப வேண்டிய நேரம். காலடிச் சத்தம் என் பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"மெதுவா எழுந்திரிங்க. யாரும் அவசரப்படாதீங்க" என்றாள். "எல்லாரும் எறங்குற வரைக்கும் வண்டி நிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. யோகாவில் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். மல்லாந்து படுத்து அழுதால் கண்ணீர் கன்னத்துக்குப் போவதில்லை நைனா, நேராகக் காதுக்குள் போகிறது. இரண்டு காதும் நிரம்பி, கடைசியாக எழுந்தவள் நான்தான். அதுவரைக்கும் அவள் நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். புதுக் கண்டக்டர், மீசையே இப்போதுதான் ஏறியிருக்கிறது. ஸ்டாப் தாண்டிய பிறகு ஸ்டாப் பெயரைச் சொன்னான். அம்மா ஜன்னலோரத்திலிருந்து திரும்பி, "முன்னாடியே கொரல் குடுப்பா" என்றாள். அவன் முழித்தான். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், கொஞ்சமாக. சிரித்து முடித்ததும் இரண்டு பேருமே அவன் தோளில் தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னும் உன்ன மன்னிக்கல. பாய ஓரமா வை" என்றாள். அன்று, முன்பெல்லாம் உன் பக்கத்தில் உட்காருகிற அதே இடத்தில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கும் தட்டு வந்தது, ஆளும் வந்தது. உன் பதிவை அவளுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வோணாம். உங்கிட்டயே இருக்கட்டும். கேக்கணும்னா உங்கிட்ட வர்றேன்."

இரண்டு தடவை வந்துவிட்டாள். தொட்டிக்குப் பின்னால் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. நடுவில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்காருகிறோம், பழக்கம். நீ இல்லாமல் வீடு இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது, நைனா. அது சுருங்கிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

வாக்குக் கொடுக்கிறேன். குறும்பை விடுவேன் என்று அல்ல, அது என்னால் ஆகாது, உனக்கும் பிடிக்காது. சர்க்கரை டப்பாவில் உப்பு விழும். ஆனால் விழுந்த அன்றே, டம்ளர் காலியாவதற்கு முன்னால், நான்தான் என்று நானே சொல்வேன். என் பழியை இனி யார் தோளிலும் மாட்டமாட்டேன். உன் தோளிலிருந்ததைக் கழற்றி வாங்கிக்கொண்டுவிட்டேன், நீ கையை வீசிக்கொண்டு நட. அம்மா எங்கே நின்று பேசினாலும், அவள் கண் தேடி வருகிற கடைசிப் பாயில் ஆள் இருக்கும்.

இரண்டு தட்டுத் தட்டி,
உன் இடத்தில் உட்கார்ந்திருக்கிற
உன் மகள்,
சில்லறை